மூடிக்கொண்ட பாதைகள்



'ஒற்றையடிப் பாதை' என்னும் சொல்லைச் சற்று நின்று கவனித்ததுண்டா? ஓர் அடி வைத்த இடத்தில் மற்றோர் அடி, ஒருவர் போன தடத்தில் இன்னொருவர் எனப் பிறக்கிற வழி அது. அதை ஒருவரும் கட்டுவதில்லை. நடக்கிறவர்கள் நின்றுபோனால் புல் முளைக்கிறது, முள் படர்கிறது, சில மழைக்காலங்களுக்குப் பின் அங்கே வழி இருந்தது என்று சொல்லச் சாட்சியும் இல்லாமற்போகிறது. எரேமியா தீர்க்கதரிசி பூர்வ பாதைகளை விசாரிக்கும்படி தம் ஜனத்துக்குச் சொன்னதை நீங்கள் அறிவீர்கள். அவ்வசனத்தைப் பலமுறை பிரசங்கித்த எனக்கு அண்மைக்காலம் வரை ஒரு கேள்வி எழவே இல்லை. ஒரு பூர்வ பாதையை யார் உண்டாக்கினார்கள், எதற்காக உண்டாக்கினார்கள் என்பதை விசாரிக்க வேண்டாமா?

அக்கேள்வி, அமெரிக்காவின் வர்ஜீனியா, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் கிடக்கும் ஒரு சதுப்புநிலத்தைப் பற்றி வாசித்தபோது எழுந்தது. அதற்குக் 'கிரேட் டிஸ்மல்' என்று பெயர். அக்காலத்தில் அப்பகுதிக் குடியேற்றக்காரர் எந்தச் சதுப்பையும் 'டிஸ்மல்' என்றே அழைத்தனர். அவற்றுள் பெரியது இது. ஒருகாலத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஏக்கர் பரந்திருந்ததாக மதிப்பிடுகின்றனர். இன்று வனவிலங்குப் புகலிடமாகக் காக்கப்படும் பகுதி 1,12,000 ஏக்கர் அளவினது. அதன் நடுவே டிரம்மண்ட் என்னும் ஏரி, 3,100 ஏக்கர் பரப்பில் ஆறடி ஆழமேயுள்ளதாய்க் கிடக்கிறது. மட்கிய இலைகளும் பட்டைகளும் ஊறிய அதன் நீர் கடுந்தேயிலை நிறத்தில் இருக்கும். நெடுநாள் கெடாது என்பதால் அந்நாளைய மாலுமிகள் அதைப் பீப்பாய்களில் நிரப்பிக் கடற்பயணத்துக்கு எடுத்துச் சென்றனர்.

நிலமோ, நிலம் என்று சொல்லத் தக்கதன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் கிளையும் நீருக்குள் முழுதும் அழுகாமல் படிந்து, 'பீட்' எனப்படும் கரிய மண்ணாகப் பல அடி ஆழம் கிடக்கிறது. ஈரமாயிருக்கும்வரை அது கடற்பஞ்சைப் போல் நீரைத் தாங்கும். காலை வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகும். மேலே முட்கொடிகளும் நாணற்புதர்களும் தொட்டால் தோல் கொப்புளிக்கும் விஷக்கொடியும் பின்னிக்கிடக்கும். கரடிகளும் விரியன் வகைப் பாம்புகளும் உண்டு. இங்கே வெட்டித் திறந்த வழியை ஓரிரு கோடைக்காலம் கவனியாமல் விட்டால் காடு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

நான்சிமண்ட் என்னும் பூர்வகுடியினர் இதன் ஓரங்களில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள். அவர்களது வழிகளைப் பற்றி எழுத்தில் எஞ்சியது மிகக் குறைவு. எழுத்தில் வந்த முதற்பெரும் பிரவேசம் 1728-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. இரு குடியேற்ற நாடுகளுக்கும் எல்லைக்கோடு வகுக்க ஒரு குழு புறப்பட்டது. வில்லியம் பைர்ட் என்னும் வர்ஜீனியப் பெருநிலக்கிழார் அதில் ஆணையராக இருந்தார். கோடு சதுப்பின் விளிம்பை அடைந்தபோது, நில அளவையாளரும் வேலையாட்களும் இடுப்பளவு சேற்றிலும் நாணலிலும் வழிவெட்டி உள்ளே சென்றனர். ஏறத்தாழப் பதினைந்து மைலைக் கடக்க அவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. கொண்டுபோன உணவு தீர்ந்துவிட, பசியோடு மறுபுறம் வந்து சேர்ந்தனர். பைர்டும் மற்ற ஆணையர்களும் சதுப்பைச் சுற்றி வந்து மறுகரையில் காத்திருந்தனர். இத்தகைய இடத்தை வடித்து நாசமாக்கிவிட வேண்டும் என்று பிற்பாடு மிகுந்த ஆர்வத்தோடு எழுதியவரும் அவரே.

ஒரு போதகனாக என் கண்ணில் தைத்த ஒரு செய்தி இக்குழுவின் வரலாற்றில் உண்டு. அவர்களோடு பீட்டர் ஃபொன்டெய்ன் என்னும் குருவானவரும் சென்றார். போதகரில்லாத அந்த எல்லைப்புறங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த ஊழியத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதே பயணத்தில், சதுப்பின் ஓரத்தில், கலப்பினக் குடும்பம் ஒன்றை அவர்கள் கண்டனர். தாங்கள் சுயாதீனர் என்று அக்குடும்பத்தார் சொன்னார்கள். பைர்ட் அதை நம்பவில்லை. ஓடிவந்த அடிமைகள் இந்த மறைவிடங்களில் ஒளிந்துகொள்கின்றனர் என்றும், அக்கம்பக்கத்தார் தம் ஆதாயத்துக்காக அவர்களை இடங்கொடுத்து வைத்திருக்கின்றனர் என்றும் குறித்துவைத்தார். ஆக, 1728-லேயே சதுப்புக்குள் வேறு வழிகள் இருந்தன. ஆணையரும் குருவானவரும் சுற்றிப் போன இடத்துக்குள்ளே வேறு சிலர் வழி தெரிந்து நடந்துகொண்டிருந்தனர்.

அடுத்து வந்தவர் பெயரை நீங்கள் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஜார்ஜ் வாஷிங்டன். அமெரிக்க ஐக்கிய நாடு பிறப்பதற்கு முன்பே, 1763-இல், முப்பத்தோரு வயதில் அவர் இச்சதுப்பைப் பார்க்க வந்தார். நீரை வடித்து நல்ல விளைநிலமாக்கலாம் என்னும் நம்பிக்கையோடு சில செல்வந்தரைச் சேர்த்து ஒரு கூட்டு நிறுவனம் அமைத்தார். பங்குதாரர் ஒவ்வொருவரும் வேலைக்கு அடிமைகளை அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. 1764 ஜூலை மாதத்தில் எழுதப்பட்ட ஒரு மதிப்பீட்டுப் பட்டியல் இன்றும் வாஷிங்டனின் ஆவணங்களுள் இருக்கிறது. ஐம்பதுக்கு மேற்பட்டோரின் பெயரும், பெயருக்கு எதிரே பவுன் கணக்கில் விலையும். பெண்களும் அதில் உண்டு. இவர்கள் வெட்டியதே, இன்றும் 'வாஷிங்டன் வாய்க்கால்' என்று அழைக்கப்படுவது. மேற்கு விளிம்பிலிருந்து ஏரிவரை செல்லும் அதன் கரையோரப் பாதையில் நாலரை மைல் தூரம் இன்று சுற்றுலாப் பயணிகள் நடக்கின்றனர், மிதிவண்டி ஓட்டுகின்றனர். வாய்க்காலுக்குப் பங்குதாரரின் பெயர் நின்றுவிட்டது. வெட்டினவர் பெயர்கள் விலைப்பட்டியலில் நின்றுவிட்டன.

சதுப்பு வடியவில்லை. நெல்லோ கோதுமையோ கொழிக்கவில்லை. நிறுவனத்தார் மரத்தின்மேல் கண் வைத்தனர். சைப்ரஸ் மரமும் வெள்ளைக் கேதுருவும் அங்கே பெருங்காடாக நின்றன. (வேதத்தில் நாம் அறிந்த லீபனோனின் கேதுரு வேறு, இது வேறு. ஆங்கிலத்தார் மணத்தை வைத்து அதே பெயரை இட்டுவிட்டனர்.) இம்மரங்களைப் பிளந்து 'ஷிங்கிள்' எனப்படும், கூரை வேயும் சிறு மரத்தகடுகளாகச் செதுக்கி விற்றனர். அவற்றை வெளியே கொண்டுவர மேலும் வழி வேண்டும், மேலும் வாய்க்கால் வேண்டும். 1793-இல் செசபீக் விரிகுடாவையும் தெற்கே ஆல்பமார்ல் நீர்ப்பரப்பையும் இணைக்கும் இருபத்திரண்டு மைல் கால்வாய் தொடங்கப்பட்டு 1805-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. படகுகள் இன்றும் அதில் செல்கின்றன. அதையும் வெட்டியவர்கள், உடையவர்களிடமிருந்து கூலிக்கு அமர்த்தப்பட்ட அடிமைகளே. கூலி உடையவர்க்குப் போயிற்று.

அந்த வேலை எப்படியிருந்தது என்பதை நேரில் கண்டு சொன்ன ஒருவர் உண்டு. அவர் பெயர் மோசஸ் கிராண்டி. நம் நாவில் சொன்னால் மோசே. வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, அக்கால்வாயில் சரக்குப் படகுகளுக்குத் தலைவனாக இருந்தவர். 1812-இல் மூண்ட போரின்போது கடல்வழி அடைபட்டிருந்ததால் கால்வாய்ப் படகுகளுக்கு நல்ல வருமானம் இருந்தது. உடையவருக்குச் செலுத்தவேண்டியதைச் செலுத்திவிட்டு எஞ்சியதைக் காசு காசாகச் சேர்த்து, அறுநூறு டாலர் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கினார். பணத்தைப் பெற்றுக்கொண்டவர் அவரோடு சிறுவயதில் ஒன்றாக விளையாடியவர். அவரே பணத்தையும் வைத்துக்கொண்டு, மோசேயையும் வேறொருவருக்கு விற்றுவிட்டார். மோசே மறுபடி உழைத்து, மறுபடி அறுநூறு டாலர் சேர்த்துப் புதிய உடையவரிடம் கொடுத்தார். அங்கும் அதே வஞ்சகம் நேர்ந்தது. மூன்றாம் முறை, எட்வர்ட் மின்னர் என்னும் கப்பல் தலைவர் 650 டாலருக்கு அவரை வாங்கி, அத்தொகையை உழைத்துத் திருப்பியபின் சொன்ன சொல் தவறாமல் விடுதலை செய்தார். பின்னர் மோசே தம் மனைவியையும் பிள்ளைகளில் சிலரையும் விலைகொடுத்து மீட்டார். எஞ்சிய உறவினரை மீட்கப் பணம் திரட்டும்பொருட்டு 1843-இல் இலண்டனில் அவருடைய வாழ்க்கை வரலாறு அச்சிடப்பட்டது. அவர் சொல்லச் சொல்ல ஜார்ஜ் தாம்சன் என்பவர் எழுதியது.

கால்வாய் வெட்டினவர்கள் இடுப்பளவும் அதற்கு மேலும் சேற்றுநீரில் நின்று வேர்களை அறுத்துச் சேற்றை இறைத்ததை அந்நூலில் அவர் விவரிக்கிறார். தலை நீருக்கு மேலே இருந்தால் வேலை நடக்கும், அவ்வளவே. முடக்குவாதத்தால் வருந்திய காலத்தில் ஏரிக்கரையில் ஒரு சிறு குடிசை கட்டிக்கொண்டு தனித்துக் கிடந்ததாகவும் சொல்கிறார். ஓர் இரவு காட்டுவிலங்கு ஒன்று வந்து அவர் முகத்தை மோந்து பார்த்துவிட்டுச் சென்றதாம். சிறுத்தையினம் என்று அவர் எண்ணினார். இதை அவர் எவ்வளவு அமைதியாகச் சொல்லிச் செல்கிறார் என்பதே என்னை வெகுநேரம் வாசிக்கவிடாமல் நிறுத்திவைத்தது. மணமாகி எட்டு மாதங்களுக்குள் முதல் மனைவி விற்கப்பட்டு, கண்ணெதிரே ஒரு கூட்டத்தோடு ஓட்டிச் செல்லப்படுவதைக் கண்ட மனிதர் அவர். இருளில் வந்த மிருகம் அவருக்குப் பெரிய பயமாக இருந்திருக்க நியாயமில்லை.

இனி அந்த 'வேறு வழி'களுக்கு வருவோம், வாசகரே. வெட்டின வாய்க்கால்கள் ஒருவகைப் பாதை. வேலைத்தளங்களிலிருந்து வாய்க்கால்வரை ஷிங்கிள் ஏற்றிய வண்டிகளைக் கோவேறு கழுதைகள் இழுத்துவர, மரத்தண்டுகளைக் குறுக்காக அடுக்கிப் போட்ட வண்டித்தடங்கள் மற்றொரு வகை. இவை இரண்டும் கணக்குப் புத்தகத்தில் உள்ளவை. மூன்றாம் வகை ஒன்று இருந்தது. தப்பியோடிச் சதுப்பின் நடுவே குடியிருந்தவர்களின் தடங்கள். இவர்களை வரலாற்றாசிரியர் 'மரூன்' என்பர். சதுப்புக்குள்ளே சுற்றிலும் நீர் நிற்க, சற்றே மேடாக உலர்ந்து கிடக்கும் திட்டுகள் உண்டு. அவற்றில் குடில் அமைத்து, சிறு பயிரிட்டு, சிலர் தலைமுறைகளாகவும் வாழ்ந்தனர். எத்தனை பேர் என்பதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. சில நூறு முதல் சில ஆயிரம் வரை மதிப்பீடுகள் மாறுகின்றன. எழுதப்படாதிருப்பதை நம்பியல்லவா அவர்கள் உயிர் இருந்தது! பாதையைப் பேணுவதென்றால் நமக்குத் தெரிந்தது முள்ளை வெட்டுவது. அவர்களுக்கோ முள்ளை மீண்டும் மூடவிடுவதே பேணுதல். போனவன் தடம் பின்வருகிற நாய்க்குக் கிடைக்கலாகாது, உடன் வாழ்கிறவனுக்கு மட்டும் தெரியவேண்டும்.

இவ்விரு உலகங்களும் ஒன்றையொன்று தொட்ட இடமும் உண்டு. 1850-களில் தென்மாநிலங்களில் பயணம் செய்த ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஷிங்கிள் வெட்டும் அடிமைகளுக்கு இத்தனை தகடு தரவேண்டும் என்று அளவு உண்டு. மறைந்திருந்தவர்கள் அவர்களுக்காக மரம் பிளந்து கொடுத்து, உணவும் உடையும் பெற்றுக்கொண்டனர். கண்காணிகளின் கணக்கில் வராத உழைப்பு! 1856-இல் டேவிட் ஹண்டர் ஸ்ட்ராதர் என்னும் ஓவியர் சதுப்புக்குள் சென்றபோது, புதரினூடே ஆயுதந்தாங்கிய மரூன் ஒருவரைக் கணப்பொழுது கண்டு வரைந்தார். அவர் பெயர் ஓஸ்மன் என்று ஸ்ட்ராதர் கேள்விப்பட்டார். அந்நாளில் வரையப்பட்டு நம்மிடம் எஞ்சியிருக்கும் முகங்கள் மிகச் சில.

உடையவர்களுக்கும் இது தெரியும். 1831-இல் நாட் டர்னர் என்னும் அடிமைப் பிரசங்கியின் தலைமையில் அருகிலுள்ள மாவட்டத்தில் கலகம் மூண்டபின் சதுப்பைப் பற்றிய அச்சம் பெருகிற்று. வட கரோலினா சட்டமன்றம் 1847-இல் ஒரு தனிச்சட்டமே இயற்றியது. சதுப்பில் வேலைசெய்யும் ஒவ்வோர் அடிமையும் நீதிமன்ற எழுத்தரிடம் பதிவு செய்யப்படவேண்டும். உயரம், நிறம், முகத்தில் கையில் உள்ள தழும்புகள் எல்லாம் எழுதப்படவேண்டும். பதிவுச்சீட்டு இல்லாதவன் ஓடிப்போனவன். அப்பதிவேடுகளின் ஒரு பகுதி பிழைத்திருக்கிறது. தழும்பைக் குறித்த எழுத்தர், அது எப்படி உண்டானது என்று கேட்டெழுதவேண்டிய அவசியம் சட்டத்தில் இல்லை.

உள்நாட்டுப் போரோடு அடிமைமுறை ஒழிந்தது. மரூன்களின் தடங்களை நடப்பார் இல்லை, மறைப்பாரும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய மர நிறுவனங்கள் வந்தன, சிறு தண்டவாளங்கள் வந்தன, மேலும் மேலும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. மொத்தம் ஏறத்தாழ 150 மைல். வெட்டி எடுத்த மண்ணை ஒருபக்கம் கொட்டி அதையே வண்டிப்பாதையாக்கினர். நூற்றாண்டின் நடுவில் பழைய பெருமரங்கள் எல்லாம் தீர்ந்திருந்தன. 1973-இல் யூனியன் கேம்ப் நிறுவனம் 49,100 ஏக்கரைக் கொடையாக அளிக்க, 1974-இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதை வனவிலங்குப் புகலிடமாக அறிவித்தது.

புகலிடத்தைப் பொறுப்பேற்றவர்களுக்கு நிலத்தோடு பாதைகளும் சுதந்தரமாய் வந்தன. இங்கேதான் சிக்கல். அப்பாதைகள் இருந்தாலன்றி எவரும் உள்ளே சென்று தீயணைக்கவோ கணக்கெடுக்கவோ இயலாது. ஆகையால் ஆண்டுதோறும் ஓரங்களை அறுத்து, புயலில் குறுக்கே விழுந்த மரங்களை இரம்பத்தால் துண்டித்து, பாதைக்கடியில் நீர் செல்லும் குழாய்களைக் கொறிக்கும் விலங்கினமான பீவர்கள் அடைத்துவிடும்போது திறந்து, ஓயாத வேலை நடக்கிறது. எல்லாவற்றையும் பேண ஆள் போதாது. சிலவற்றை வைத்துக்கொண்டு சிலவற்றைக் காட்டிற்கு விட்டுவிடுகின்றனர். ஆனால் பேணப்படும் ஒவ்வொரு பாதையும் ஒரு வாய்க்காலின் கரை. வாய்க்கால் சதுப்பின் நீரை வடிக்கிறது, கரையோ இயல்பாகப் பரந்து ஓடவேண்டிய நீரை மறிக்கிறது. ஒருபக்கம் தேக்கம், மறுபக்கம் வறட்சி. காய்ந்த பீட் மண் சுருங்கி அமிழும், வேர்ப்பிடி இழந்த மரங்கள் சாயும், அவை அதே பாதையின் குறுக்கே விழும்.

காய்ந்த பீட் எரியவும் செய்யும், மண்ணே விறகாகி. 2003-இல் இசபெல் என்னும் சூறாவளி வெள்ளைக் கேதுருக்களை வீழ்த்திற்று. வீழ்ந்தவற்றை அகற்றி இளங்கன்றுகளுக்கு இடமுண்டாக்க 2008-இல் வேலை நடந்தபோது இயந்திரம் ஒன்றில் பற்றிய நெருப்பு, ஏறக்குறைய 4,900 ஏக்கரில் பரவி நான்கு மாதம் எரிந்தது. 2011 ஆகஸ்டில் மின்னல் விழுந்து, பழைய தீ எரிந்த பகுதியிலேயே மீண்டும் பற்றி 6,500 ஏக்கர் வரை எரிந்தது. அதே மாதக் கடைசியில் ஐரீன் சூறாவளி பத்து அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியும் அத்தீ அவியவில்லை. மண்ணுக்கடியில் நூறு நாட்களுக்கு மேல் புகைந்தது.

ஆகவே இப்போது வாய்க்கால்களில் மதகுகள் அமைத்து, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, நீர்மட்டத்தை உயர்த்தி வருகின்றனர். நீர் உயர்ந்தால் மண் நனையும், தீ அடங்கும், கேதுரு மீளும். பாதைகளில் சில நனைந்து மூடவும்கூடும். இதைப் பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஐம்பது பேரை விலைபோட்டு வெட்டுவித்த வாய்க்காலை, வெட்டின நோக்கத்துக்கு நேர்மாறாக அடைத்துவைப்பதில் ஒரு நீதி இருக்கிறதென்றே எனக்குப் படுகிறது. ஆயினும் முற்றாக அடைத்து அழித்துவிட்டால், அதை வெட்டின கைகளுக்கு இருக்கும் ஒரே நினைவுச்சின்னமும் போய்விடும். அவர்களுக்குக் கல்லறைக்கல் ஏதும் நாட்டப்படவில்லை. பாதையைத் திறந்துவைப்பவர்கள் அறிந்தோ அறியாமலோ அவ்வேலையையும் செய்கின்றனர்.

மரூன்களின் தடங்களையோ திறந்துவைக்க வழியில்லை. டேனியல் சேயர்ஸ் என்னும் தொல்லியலாளர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றைத் தேடிப் புறப்பட்டார். தடம் எதுவும் இல்லை. சேற்றில் விழுந்தெழுந்து, முள்ளைக் கிழித்துக்கொண்டு மேட்டுத்திட்டுகளைத் தேடி, ஏறத்தாழ இருபது ஏக்கர் அளவுள்ள ஒன்றைக் கண்டு ஆண்டுக்கணக்கில் தோண்டினார். அதற்குப் 'பெயரற்ற தலம்' என்றே பெயரிட்டார். கிடைத்தவை மிகச் சிறியவை. வெள்ளைக் களிமண் புகைக்குழாயின் துண்டுகள், துப்பாக்கிச் சிக்கிமுக்கிக் கல், ஈயக்குண்டு. வெளியுலகப் பொருள் அரிதாதலால், பூர்வகுடியினர் முற்காலத்தில் விட்டுச்சென்ற கற்கருவிகளையே தேடியெடுத்து மீண்டும் தீட்டிப் பயன்படுத்தியிருந்தனர். குடில்களின் கம்பம் நாட்டிய குழிகள் மண்ணில் கறையாகத் தெரிந்தன. பல ஆண்டு உழைப்பின் பலனாக அங்கே கிடைத்தவற்றில் பெரும்பாலானவை உள்ளங்கையில் அடங்குபவை.

2003-ஆம் ஆண்டில் இப்புகலிடம், அடிமைத்தனத்திலிருந்து தப்பிச்சென்றோரின் வழிகளைப் போற்றும் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏரிக்குச் செல்லும் பழைய தண்டவாள வாய்க்காலின் ஓரத்தில் அவர்களை நினைவுகூரும் ஒரு மண்டபம் நிற்கிறது. வாகனத்திலேயே அங்கு போகலாம், விளக்கப் பலகைகளை வாசிக்கலாம். அதற்கப்பால் நாணலும் முட்கொடியும் தொடங்குகின்றன. பெயரற்ற அந்தத் திட்டுக்குப் பொதுமக்கள் செல்லும் பாதை எதுவும் இல்லை. தோண்டினவர்கள் போய்வந்த தடத்தையும் காடு எடுத்துக்கொண்டிருக்கும்.